ஒரு சிட்டிகை சாம்பிராணி: ஆதித் திருச்சபையின் பெண் மறைசாட்சிகள்

மார்ச் 7 பெர்பெத்துவா, பெலிசித்தா இருவரின் திருநாள். ரோமப் பேரரசரின் நலனுக்காகச் சாம்பிராணி போட்டுப் பலியிட மறுத்து, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரண்டு இளம்பெண்கள் அவர்கள். சில வருஷங்களுக்கு முன் அதையொட்டி வந்த ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் அவர்கள் கதையைச் சொன்னேன். முடித்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"கொஞ்சம் சாம்பிராணிதானே டீச்சர்? போட்டுட்டு வெளியே வந்து, அப்புறமா பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கலாம்ல? கைப்பிள்ளை வேற இருக்கு."

"அவங்களுக்கு விசுவாசம் ரொம்ப அதிகம்மா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. கேள்வி அவ்வளவு சரியான கேள்வி.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். ஆதிக் காலத்துப் பெண் மறைசாட்சிகளைப் பற்றி நாம் பேசுவதில் பாதி சினிமா. ரோமர்கள் 300 வருஷம் விடாமல் வீடு வீடாகத் தேடினார்கள், பிடிபட்டவர்கள் சாகத் துடித்தார்கள், சிங்கத்தின் முன் சிரித்தபடி நின்றார்கள், வலியே தெரியவில்லை என்று ஒரு படம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடந்தது வேறு. அது இந்தப் படத்தைவிடச் சின்னது, ஆனால் இன்னும் கஷ்டமானது.

## முதலில் அந்தச் சொல்

கத்தோலிக்கர்கள் முன்பெல்லாம் வேதசாட்சி என்றார்கள். இப்போது மறைசாட்சி என்கிறோம். சீர்திருத்த சபைகளில் இரத்தசாட்சி. முன்பாதி மாறிக்கொண்டே இருக்கிறது, 'சாட்சி' மட்டும் அப்படியே நிற்கிறது. கிரேக்க மூலச் சொல் 'மார்த்துஸ்'. கோர்ட்டில் ஏறி "எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்" என்று சொல்கிற சாதாரண சாட்சிக்கு அந்த மொழியில் அதுதான் பெயர். உயிர்விடுகிற பொருள் அதன்மேல் பிற்பாடு, 2ஆம் நூற்றாண்டில் ஏறியது. ஐரோப்பிய மொழிகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் இன்று சாவுதான் நினைவுக்கு வரும். தமிழில் சாட்சி இன்னும் காதில் விழுகிறது. இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

ஒரு கொலை வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஊரில் மிரட்டுகிறார்கள், வீட்டில் அழுகிறார்கள். கூண்டில் ஏறியதும் "நான் எதையும் பார்க்கவில்லை" என்று அவர் மாற்றிச் சொன்னால் மறுநாள் பேப்பரில் 'பிறழ்சாட்சி' என்று வரும். மாற்றாமல் நின்றால் சாட்சி. வெளியே வந்து அவர் அடி வாங்கலாம், வாங்காமலும் போகலாம். அந்த அடி அவரைச் சாட்சியாக்குவதில்லை. திருச்சபைத் தந்தை அகுஸ்தினார் சொன்னதும் இதுதான்: மறைசாட்சியை உண்டாக்குவது தண்டனை அல்ல, அதற்கான காரணம்.

ஆக, இந்தக் கட்டுரையில் மறைசாட்சி என்றால், தன் விசுவாசத்தை அதிகாரியின் முன்னால் சொல்லி, உயிர் போகும் என்று தெரிந்தும் அந்த வார்த்தையை மாற்றாதவர். சாவு பின்னால் வருவது. வார்த்தைதான் முதலில்.

## வரி கொடுக்காத வீடு

சரி, ஒரு அரசாங்கம் ஏன் இதைப் போய்க் கேட்க வேண்டும்?

ஊர்க் கொடை நடக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டாயிற்று. எல்லா வீடும் கொடுக்கிறது. ஒரே ஒரு வீடு மட்டும் "எங்களுக்கு வேண்டாம்" என்கிறது. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்துவிட்டால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கப்போவதில்லை. மழை பொய்த்துப்போனால்? ஆடு செத்தால்? "எல்லாம் அந்த வீட்டால வந்தது" என்று பேச்சு கிளம்ப எவ்வளவு நேரமாகும்?

ரோமப் பேரரசு ஏறக்குறைய அந்த ஊர் மாதிரி. ரோமர்களுக்குச் சமயம் என்பது மனதுக்குள் என்ன நம்புகிறாய் என்பதைவிட, கையால் என்ன செய்கிறாய் என்பது. தேவர்களுக்குரியதை எல்லாரும் சேர்ந்து செலுத்தினால் தேவர்கள் ஊரைப் பார்த்துக்கொள்வார்கள். யூதர்களும் செலுத்தவில்லைதான், ஆனால் அவர்கள் பழைய இனம், முன்னோர் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். கிறிஸ்தவர்கள் நேற்று முளைத்தவர்கள். அவர்களுடைய சொந்த அப்பா அம்மாவே அந்தத் தேவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். இவர்களுக்கு எந்தச் சலுகை?

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதைக் கிண்டலாகவே எழுதினார். திபேர் ஆறு கரை புரண்டால், நைல் நதி வயலுக்கு ஏறாவிட்டால், பஞ்சம் வந்தால், கொள்ளைநோய் வந்தால், உடனே ஒரே சத்தம்: "கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு!"

## அதிகாரியின் கேள்வி

வழக்கு எப்படி நடந்தது என்பதற்குக் கையில் கிடைக்கிற நல்ல சான்று ஒரு ரோம அதிகாரியின் கடிதம். 112ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதியது. கிறிஸ்தவர் என்று யாரையாவது கொண்டுவந்து நிறுத்தினால், "நீ கிறிஸ்தவனா?" என்று அவர் கேட்பார். ஆமாம் என்றால் மரணதண்டனையைச் சொல்லி மிரட்டி இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பார். அப்போதும் ஆமாம் என்றால் தண்டனை. இல்லை என்று சொல்லி, பேரரசரின் உருவத்துக்குச் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மற்ற வழக்கோடு ஒப்பிட்டால் இதன் விநோதம் தெரியும். திருடனை அடிப்பது "திருடினேன்" என்று சொல்லவைக்க. கிறிஸ்தவரை அடித்தது "நான் கிறிஸ்தவன் இல்லை" என்று சொல்லவைக்க. இதைக் கவனித்துச் சொன்னவரும் தெர்த்துல்லியன்தான். ஒத்துக்கொண்டால் சாவு, மறுத்தால் விடுதலை. சாவி எப்போதும் கைதியின் கையில்தான் இருந்தது. அந்தச் சிறுமி பிடித்த இடம் சரியாக இதுதான்.

அதே கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பிளினி சொல்கிறார். சபையில் அவர்களை 'ஊழியக்காரிகள்' என்று அழைத்தார்களாம். அளவு கடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்று சலித்துக்கொள்கிறார். அவர்கள் பெயரைக் குறிக்க அவருக்குத் தோன்றவில்லை. சமுதாயத்தில் அடிமைகள், சபையில் பொறுப்புள்ளவர்கள். கட்டிவைத்து அடித்தும் புதிதாக ஒரு குற்றமும் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

திராயானின் பதில் சுருக்கமானது. தேடிப் போகாதே. யாராவது குற்றம் சாட்டி நிரூபணமானால் தண்டி. மொட்டைக் கடிதத்தை ஏற்காதே. அதனால்தான் 300 வருஷ வேட்டை என்ற படம் பொருந்தவில்லை. ஒரு ஊரில் பதினைந்து வருஷம் ஒன்றும் நடக்காது; திடீரென்று ஒரு பஞ்சமோ புது ஆளுநரோ வந்தால் பற்றிக்கொள்ளும். எல்லாரும் பலியிட்டே ஆக வேண்டும் என்று பேரரசு முழுவதுக்கும் ஆணை வந்தது பேரரசர் தேசியுஸ் காலத்தில், 249–250இல்தான். பலியிட்டவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலில் அப்படி நாற்பதுக்கு மேற்பட்ட பப்பிரஸ் தாள்கள் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று முதலைத் தெய்வம் ஒன்றின் பூசாரிணி வாங்கியது! கோயில் பூசாரியே "நான் கும்பிட்டேன்" என்று சர்டிபிகேட் வாங்க வேண்டியிருந்தது. அரசாங்க வேலை அன்றும் அப்படித்தான்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே. கைதியிடம் கேட்டது ஒரு கேள்வி. பதிலை மாற்ற வாய்ப்பு திரும்பத் திரும்பக் கொடுக்கப்பட்டது. இனி அந்தக் கேள்வி ஒரு 22 வயதுத் தாயின் முன் வருவதைப் பார்ப்போம்.

## கூஜாவுக்கு வேறு பெயர் உண்டா?

203ஆம் ஆண்டு, கார்த்தேஜ். இன்றைய துனீசியத் தலைநகர் துனிஸை ஒட்டிய கடற்கரை நகரம். சில இளைஞர்கள் கைதாகிறார்கள். எல்லாரும் ஞானோபதேசம், அதாவது மறைப்பாடம், கேட்டுக்கொண்டிருந்தவர்கள். இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அவர்களில் விபியா பெர்பெத்துவா நல்ல குடும்பத்துப் பெண், படித்தவள், முறைப்படி மணமானவள், கையில் பால்குடி மாறாத ஆண் குழந்தை. புருஷன் எங்கே என்று கேட்காதீர்கள். கதையில் கடைசிவரை அவன் தலைகாட்டவே இல்லை. அப்பாதான் வருகிறார், மறுபடி மறுபடி.

சிறையில் பெர்பெத்துவா தன் கையால் ஒரு நாட்குறிப்பு எழுதினாள். பழங்காலக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன்னைப் பற்றித் தானே எழுதி நம் கைக்கு வந்துசேர்ந்தவற்றில் இதற்கு முந்தியது இல்லை என்றே சொல்லலாம். அதில் முதல் காட்சியே அப்பாவோடு வாக்குவாதம். மனதை மாற்றிக்கொள் என்கிறார் அவர்.

"அப்பா, அங்கே கிடக்கிறதே ஒரு பாத்திரம், கூஜாவோ என்னவோ, தெரிகிறதா?"

"தெரிகிறது."

"அதற்கு இருக்கிற பெயரைவிட்டு வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா?"

"முடியாது."

"அப்படித்தான் நானும். நான் கிறிஸ்தவள். இல்லாத ஒன்றை என் பெயராகச் சொல்ல எனக்கு முடியாது."

கண்ணைப் பிடுங்கிவிடுவதுபோல் அப்பா பாய்ந்தார், அப்புறம் தோற்றுப்போய்த் திரும்பினார் என்று எழுதுகிறாள். அவர் சில நாள் வராமல் இருந்தது தனக்கு நிம்மதியாக இருந்தது என்றும் மறைக்காமல் எழுதுகிறாள். பாசமில்லாத மகள் எழுதுகிற வரி இல்லை அது. பாசத்தால் களைத்துப்போனவள் எழுதுவது. அந்த இடைவெளியில்தான் அவளுக்கு ஞானஸ்நானம் ஆனது.

அப்புறம் நிலவறைச் சிறை. "நான் பயந்துபோனேன், அப்படியொரு இருட்டை நான் அறிந்ததில்லை" என்கிறாள். நெரிசல், புழுக்கம், சிப்பாய்களின் பணப்பறிப்பு. எல்லாவற்றுக்கும் மேல் குழந்தையைப் பற்றிய கவலை. தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு தியாக்கோன்கள், அதாவது சபையின் உதவி ஊழியர்கள், காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்றிவிட ஏற்பாடு செய்தார்கள். சொல்லப்போனால் லஞ்சம். அங்கே போனதும் அவள் செய்த முதல் வேலை, பசியில் துவண்டிருந்த பிள்ளைக்குப் பால் கொடுத்தது. பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறாள்.

விசாரணை நெருங்கியபோது அப்பா மறுபடி வந்தார். இந்த முறை கோபம் இல்லை. "என் நரைத்த தலைக்கு இரங்கு. உன் அண்ணன் தம்பிகளைவிட உன்னைத்தானே ஒசத்தியாக வளர்த்தேன். உன் அம்மாவைப் பார், சித்தியைப் பார், உன் பிள்ளையைப் பார். உனக்கு ஏதாவது ஆனால் எங்களில் ஒருவரும் தலைநிமிர்ந்து பேச முடியாது." மகளின் கைகளை முத்தமிட்டார், காலில் விழுந்தார், அழுதார். மகளே என்று கூப்பிடவில்லை, 'சீமாட்டி' என்று கூப்பிட்டார் என்று குறித்திருக்கிறாள். நம் வீடுகளில் மகளை 'அம்மா' என்று கொஞ்சிக் கூப்பிடுவது சகஜம். ரோமில் அப்படி இல்லை. ரோமச் சட்டப்படி குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகள் மேல் ஏறக்குறைய முழு அதிகாரம். அப்படிப்பட்டவர் மகளின் காலில் கிடந்து, எஜமானியைக் கூப்பிடுகிற சொல்லால் அவளைக் கூப்பிடுகிறார். அதிகாரம் தலைகீழாகப் புரண்ட நொடி. அவளுக்கு அதில் ஜெயித்த மகிழ்ச்சி இல்லை. அப்பாவை நினைத்து வருத்தப்பட்டேன் என்கிறாள்.

நீதிமன்றத்தில் ஹிலாரியானுஸ் உட்கார்ந்திருந்தார்; ஆளுநர் இறந்துவிட்டதால் அவர் இடத்தில் பொறுப்புக்கு வந்தவர். அப்பா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து மகளைப் படியிலிருந்து கீழே இழுத்தார். "உன் தகப்பனின் நரைக்கு இரங்கு, பிள்ளையின் சின்ன வயசுக்கு இரங்கு. பேரரசர்களின் நலனுக்காகப் பலியிடு" என்றார் ஹிலாரியானுஸ்.

"செய்ய மாட்டேன்."

"நீ கிறிஸ்தவளா?"

"நான் கிறிஸ்தவள்."

விடாமல் மகளை இழுத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பிரம்பால் அடிக்க உத்தரவாயிற்று. தன்மேல் அடி விழுந்ததுபோல் இருந்தது என்று எழுதுகிறாள். தீர்ப்பு: விலங்குகளுக்கு இரையாக்குதல்.

சிறைக்குத் திரும்பியதும் குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்பினாள். அப்பா தரவில்லை. அதற்கடுத்து அவள் எழுதுவது எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காத வரி: குழந்தை அதன்பின் பால் கேட்கவில்லை, தனக்கும் மார்பில் பால் கட்டி வீங்கவில்லை, அதனால் பிள்ளையைப் பற்றிய கவலையும் மார்வலியும் தன்னை வாட்டவில்லை, இது கடவுள் செய்தது. பால்குடியை மறக்கடித்த எந்தத் தாய்க்கும் இந்த வரியின் எடை தெரியும்.

## எட்டு மாதக் கர்ப்பிணி

பெலிசித்தா அடிமைப் பெண். பெர்பெத்துவாவின் வேலைக்காரி என்று பலரும் சொல்வது வழக்கம், ஆனால் மூலத்தில், அதாவது பெர்பெத்துவாவின் நாட்குறிப்போடு மீதிக் கதையையும் சேர்த்து இன்னொருவர் எழுதிவைத்த நூலில், அப்படி ஒரு வார்த்தை இல்லை. கைதாகும்போதே அவள் கர்ப்பிணி. தண்டனை நாள் நெருங்கும்போது எட்டாம் மாதம். கர்ப்பிணிக்கு மரணதண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று ரோமச் சட்டம் தடுத்தது. தப்பித்தோம் என்று நினைக்கத்தானே தோன்றும்? அவளுக்கு வேறு பயம். தோழர்களோடு போகாமல், பிற்பாடு கொலைகாரர்கள் கூட்டத்தில் ஒருத்தியாகத் தனியே சாக வேண்டி வருமோ என்று.

எல்லாரும் சேர்ந்து ஜெபித்தார்கள். எட்டாம் மாதப் பிரசவம், கடுமையான வலி. அவள் கதறினாள். காவலன் ஒருவன் கேலி செய்தான்: "இதுக்கே இப்படிக் கத்துறியே, விலங்குகளுக்கு முன்னால போட்டா என்ன பண்ணுவ?"

பெலிசித்தா சொன்னாள்: "இப்போது நான் படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் படுவார், ஏனென்றால் நான் அவருக்காகப் படப்போகிறேன்."

பெண் குழந்தை. சபையைச் சேர்ந்த ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டுபோய்த் தன் மகளாக வளர்த்தாள்.

## மைதானத்தில்

மார்ச் 7. பேரரசர் செப்திமியுஸ் செவேருஸின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டு. நுழைவாயிலில் கைதிகளுக்கு வேஷம் போடப் பார்த்தார்கள்: ஆண்களுக்குச் சத்துர்னுஸ் தேவனின் பூசாரி உடை, பெண்களுக்குச் செரெஸ் தேவியின் உடை. பெர்பெத்துவா மறுத்தாள். இதைச் செய்யாமல் இருக்கத்தானே உயிரையே கொடுக்கிறோம், அதுதானே உங்களோடு எங்கள் ஒப்பந்தம் என்று வாதாடினாள். அதிகாரி விட்டுக்கொடுத்தார். வாசலில் நின்றும் அவள் பதிலை மாற்றவில்லை, மாற்றவைக்கவும் விடவில்லை.

சிங்கம் வரவில்லை. இரண்டு பெண்களுக்கும் என்று ஏற்பாடு செய்திருந்தது ஒரு வெறிபிடித்த பசு. பெண்களைக் கேவலப்படுத்தப் பெண் விலங்கையே தேர்ந்தார்கள். ஆடையை உரிந்து வலையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கூட்டமே அதிர்ந்தது: ஒருத்தி மென்மையான இளம்பெண், இன்னொருத்தி அப்போதுதான் பிரசவித்து மார்பில் பால் சொட்ட நிற்பவள். இரத்தம் பார்க்க வந்த ஜனங்களுக்கே பொறுக்கவில்லை. திருப்பி அழைத்துப்போய் உடை உடுத்திக் கூட்டிவந்தார்கள்.

பசு முட்டித் தூக்கி எறிந்தது. விழுந்த பெர்பெத்துவா கிழிந்த உடையை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கொண்டை ஊசி கேட்டுத் தலைமுடியை முடிந்துகொண்டாள். விரித்த கூந்தல் துக்கத்துக்கு அடையாளம். தான் துக்கம் காக்கவில்லை என்று காட்ட. நமக்கும் தலைவிரி கோலம் என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் நசுங்கிக் கிடந்த பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சீமான் வீட்டுப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு இந்தக் கதையில் இந்த இடத்தைத் தாண்டிப்போகவே மனம் வராது.

கடைசியில் வாள். பெர்பெத்துவாவுக்கு வந்தவன் புதிதாகச் சேர்ந்த வாள்வீரன், கை நடுங்கியது. எலும்பில் பட்டது. அவள் அலறினாள். ஆமாம், அலறினாள், மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு தடுமாறிய அவன் கையைத் தானே பிடித்துத் தன் தொண்டைக்குக் கொண்டுவந்தாள்.

## தைரியம் எங்கிருந்து வந்தது?

இப்போது மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இருட்டுக்குப் பயந்தேன் என்று எழுதியவள், பிரசவ வலியில் கதறியவள், வாள் பட்டதும் அலறியவள். இவர்களை உணர்ச்சியற்ற கல்லாக்கிவிட்டால் கதையே போய்விடும். பயமும் வலியும் இருந்தன, பதில் மாறவில்லை. அவ்வளவுதான்.

எது அந்தப் பதிலைத் தாங்கிப் பிடித்தது என்றால், பெலிசித்தா காவலனிடம் சொன்னதை அப்படியே நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்து எங்கோ தூரத்தில் இருந்து பார்க்கவில்லை, என் உடலுக்குள் இருந்து என்னோடு பாடுபடுகிறார் என்று அவர்கள் நம்பினார்கள். அதற்கு இன்னும் கூர்மையான உதாரணம் பிளாந்தினா.

177, இன்றைய பிரான்சின் லியோன் நகரம். அங்கே நடந்ததை அந்தச் சபையார் எழுதிய கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியுஸ் காப்பாற்றி வைத்திருக்கிறார். பிளாந்தினா அடிமை, சின்ன உடம்புக்காரி. அவளுடைய எஜமானியும் கைதானவர்களில் ஒருத்தி. தன்னைப் பற்றி அல்ல, இவளைப் பற்றித்தான் எஜமானிக்குக் கவலை. இந்த உடம்பு தாங்குமா என்று. விடியலிலிருந்து சாயங்காலம்வரை ஆள் மாற்றி ஆள் சித்திரவதை செய்தவர்கள் தாங்களே தோற்றோம் என்றார்கள். "நான் கிறிஸ்தவள், எங்களிடத்தில் தீயது எதுவும் நடப்பதில்லை" என்பதைச் சொல்வதே அவளுக்கு மருந்துபோல் இருந்ததாகக் கடிதம் சொல்கிறது. கைகளை விரித்து அவளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, பார்த்துக்கொண்டிருந்த மற்ற கைதிகள் தங்கள் சகோதரியின் உருவத்தில் சிலுவையில் அறையப்பட்டவரையே கண்டார்கள். ஓர் அடிமைப் பெண்ணின் உருவத்தில்! அந்தக் காலத்துச் சமுதாயத்தில் அடிமையின் உடல் எஜமானின் சொத்து. கடைசி நாளில் 15 வயதுப் பையன் பொந்திக்குஸைத் தாய்போலத் தேற்றி முன்னே அனுப்பிவிட்டு, வலையில் சுற்றிக் காளைக்கு எறியப்பட்டு இறந்தாள். அந்த மைதானத்தின் மிச்சத்தை லியோனில் இன்றும் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இவர்கள் யாரும் தனியாள் இல்லை. சிறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், காவலருக்குக் காசு கொடுத்தவர்கள், பெலிசித்தாவின் பிள்ளையை வாங்கிக்கொண்டவள் எல்லாரும் அந்தத் தைரியத்தில் பங்குதாரர்கள். பிள்ளையை எடுத்துக்கொள்ள ஒரு மடி இருக்கிறது என்ற தெம்பு சின்ன விஷயமா?

## அந்தச் சிறுமியின் கேள்விக்கு

போட்டுவிட்டு வந்திருக்கலாம்தான். நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். லியோனிலேயே சுமார் பத்துப் பேர் மறுதலித்தார்கள். அதில் பிப்லிஸ் என்ற பெண்ணிடம், கிறிஸ்தவர்கள் பிள்ளைக்கறி தின்கிறார்கள் என்று பொய் சொல்லவைக்க மறுபடி சித்திரவதை நடந்தது. அவளோ தூக்கத்திலிருந்து விழித்தவள்போல், "மிருக இரத்தத்தையே தொடாதவர்கள் பிள்ளைகளை எப்படித் தின்பார்கள்?" என்று கேட்டாள். நானும் கிறிஸ்தவள் என்று சொல்லி மறைசாட்சிகளோடு சேர்ந்துகொண்டாள். பிறழ்சாட்சி ஒருத்தி கூண்டிலேயே திரும்பிய கதை இது.

தேசியுஸ் ஆணைக்குப் பிறகு கார்த்தேஜில் ஏராளமானவர்கள் பலியிட்டுவிட்டு, அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். ஆயர் சிப்பிரியான் தலைமையில் சபை அவர்களை விரட்டவில்லை. நீண்ட தவத்துக்குப் பின் சேர்த்துக்கொண்டது. அந்தச் சிப்பிரியானே 250இல் ஓடி ஒளிந்தவர். எட்டு வருஷம் கழித்து, 258இல், மறைசாட்சியாக இறந்தார். ஓடுவது குற்றமில்லை. தானாக வலியப் போய் மாட்டிக்கொள்வதைத்தான் சபை பொதுவாகப் பாராட்டவில்லை. இன்றைய துருக்கியில் இருந்த சுமிர்னா நகரில் குவிந்துஸ் என்பவன் அப்படி முன்வந்து, விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப் பலியிட்டுவிட்டான்; அதை எழுதியவர்கள் அவனை மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கைப் பாடமாகவே காட்டுகிறார்கள். விதிவிலக்கும் உண்டு: பெர்பெத்துவாவின் குழுவுக்கு ஞானோபதேசம் சொன்ன சாத்தூருஸ், தன் பிள்ளைகள் கைதானதும் தானே வந்து சரணடைந்தவர்.

அப்படியானால் பெர்பெத்துவா ஏன் அந்த வழியில் போகவில்லை? அவள் பதிலைக் கூஜாவில் வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளை கேட்டது ஒரு பொய்யைப் பற்றி; பின்னால் மன்னிப்புக் கேட்கக்கூடிய ஒரு செயல். பெர்பெத்துவாவுக்கு அது செயல் இல்லை, பெயர். குழந்தையின் தாய், அப்பாவின் மகள், கிறிஸ்தவள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரே ஆள். ஒன்றைப் பொய்யாக்கிவிட்டு மற்றதை மெய்யாக வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. இது சரியா என்று கேட்டால், அவள் அப்பாவின் பக்கம் நிற்கிறவர்களையும் எனக்குப் புரிகிறது.

## எதை நம்பலாம்?

ஆதி மறைசாட்சிகள் என்று நாம் கேட்கும் கதைகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. பூசைப் புத்தகத்தின் பழைய நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவாவோடு ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியா பெயர்களும் வரும். இவர்களில் பலரின் விரிவான கதைகள் காலம் தாழ்ந்து எழுதப்பட்டவை. அலெக்சாந்திரியாவின் கத்தரீனாள் கதை இன்னும் பின்னால் வந்தது. சக்கரத்தோடு நிற்கும் அவள் சொரூபத்தை எல்லாருக்கும் தெரியும். 1969இல் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து அவள் திருநாளை எடுத்தார்கள், 2002இல் விருப்ப நினைவாக, அதாவது விரும்பினால் கொண்டாடலாம் என்று, திரும்பச் சேர்த்தார்கள்.

எப்படிப் பிரித்தறிவது? எனக்கு ஒரு எளிய வழி உண்டு. பிற்காலக் கதையில் பெண்கள் நீளமாகப் பிரசங்கம் செய்வார்கள். ஐம்பது தத்துவ ஞானிகளைக் கத்தரீனாள் வாதத்தில் தோற்கடிப்பாள். நெருக்கத்திலிருந்து எழுதியதில் பேச்சு குறைவு. 180இல் கார்த்தேஜில் விசாரிக்கப்பட்ட பன்னிரண்டு பேரில் செகுந்தா என்ற பெண் சொன்னதாக இருப்பது ஒரே வரி: "நான் எதுவோ அதுவாகவே இருக்க விரும்புகிறேன்." தேவையில்லாத சின்ன விவரங்களும் அங்கேதான் கிடைக்கும். கட்டாத பால், கொண்டை ஊசி, காவலனுக்குக் கொடுத்த காசு. கற்பனை செய்கிறவனுக்கு இவை தோன்றாது.

பெர்பெத்துவாவின் நாட்குறிப்பு விளையாட்டுக்கு முந்தின நாளோடு நின்றுவிடுகிறது. கடைசி வாக்கியம் இப்படி: விளையாட்டுக்கு முந்தின நாள்வரை நடந்ததை நான் எழுதிவிட்டேன். விளையாட்டில் என்ன நடக்கும் என்பதை யாருக்கு விருப்பமோ அவர் எழுதட்டும்.